ஃப்ரீசருக்குள் மூன்று கேமராக்கள்

ஆர்வல் டெஸ்மர் தன் மனைவியின் தம்பி வெண்டலுக்கு நூறு டாலர் கடன்பட்டிருந்தார். வடக்கு விஸ்கான்சினில் அவரை அறிந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். ஒப்புக்கொள்ளாதவர் ஆர்வல் ஒருவர்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, இரவல் ரம்பத்தில் தொழில் தொடங்கி, இன்று பதினான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் மர அறுவை மில்லுக்கு முதலாளி ஆனவர். எழுபத்தோரு வயதில் ஒருத்தனுக்கு ஒரு சென்ட் பாக்கி வைத்ததில்லை. அவரைப் போய்க் கடன்காரன் என்றால்?

சங்கதி இதுதான். போன நவம்பரில் இருவரும் சேர்ந்து ஒரு மானை அடித்தார்கள். கறிக்கடையில் கொடுத்ததில், கறியை அரைத்துக் குடலில் அடைத்த சாசேஜ் எண்பது வந்தது. ஆளுக்குப் பாதி. வெண்டலின் ஃப்ரீசர் பழுதாகிக் கிடந்ததால் எல்லாம் ஆர்வலின் கார் கொட்டகையில் இருந்த பெரிய ஃப்ரீசருக்குள் போயின. ஆர்வல் வீட்டு நாற்பதும் ஈஸ்டரோடு தீர்ந்தன. ஆகஸ்டில் வெண்டல் தன் பங்கை எடுக்க வந்து மூடியைத் தூக்கினான். பதினைந்துதான் இருந்தன.

"இருபத்தஞ்சக் காணோமே மச்சான். கடையில ஒண்ணு நாலு டாலர். நூறு டாலர எடுத்து வைங்க."

"நான் தின்னேங்கிறியா? ஈஸ்டருக்கு அப்புறம் ஒரு துண்டு என் பல்லுல பட்டிருந்தா மில்ல உன் பேருக்கு எழுதித் தர்றேன்டா!"

"அப்ப ஃப்ரீசரே முழுங்கிடுச்சாக்கும். காசு வர்ற வரைக்கும் மிச்சம் பதினஞ்சும் இங்கயே கிடக்கட்டும். காசு வரலேன்னா இந்த வருஷம் நான் நோவாக் வீட்டு ஆளுங்களோட வேட்டைக்குப் போயிடுவேன்."

அதுதான் சுருக்கென்றது. முப்பத்தெட்டு வருடமாகக் காட்டில் ஓக் மேட்டில் மானுக்காக இருவரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நோவாக்குகள் காட்டுக்குள் ரேடியோ வைத்துப் பாட்டுக் கேட்கிற ஜாதி. ஆனால் ஆர்வல் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "போயேன்" என்றார்.

வேட்டை தொடங்குமுன் ஓக் மேட்டில், எதிரே ஏதாவது அசைந்தால் தானே படம் எடுக்கும் கேமரா ஒன்று கட்டியாக வேண்டும். எந்தக் கலைமான் எத்தனை மணிக்கு வருகிறது என்று அதுதான் சொல்லும். போன வருடக் கேமரா மானம் வாங்கிவிட்டது. எதிரே ஆடிய ஒரு கிளையை இரண்டாயிரம் படம் எடுத்தது. மான் வந்தபோது வாலை மட்டும் எடுத்தது. முதல் பனியில் செத்தும் போனது.

கடைக்காரப் பையன் ஏதேதோ எண்களை அடுக்கினான். ஆர்வல் கையமர்த்தினார். "தம்பி, மூணு விலையில மூணு குடு. பிடிக்கலேன்னா ஒரு மாசத்துல திருப்பி வாங்கிப்பேன்னு பலகையிலயே எழுதி வச்சிருக்கல்ல?"

முப்பது டாலரில் ஒன்று, எண்பதில் ஒன்று, செல்போனுக்கே படம் அனுப்பும் இருநூறு டாலர் கேமரா ஒன்று. குளிருக்குத் தாங்கும் லித்தியம் பேட்டரிகளை மூன்றிலும் போட்டு, ஃப்ரீசருக்குள் பட்டாணிப் பைகளின் மேல் அண்ணாந்து பார்க்கிற மாதிரி வைத்தார். இன்ஜினியர்களுக்குத் தோன்றுமா இது? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

"என் ஃப்ரீசர்ல எதுக்குய்யா இந்தக் கண்றாவி?" என்றாள் மனைவி ஆர்லிஸ்.

"ஜனவரிக் குளிர ஆகஸ்டுலயே வரவழைச்சிருக்கேன். மூடியத் திறக்கிறப்ப எது முழிச்சுக்கிட்டுப் படம் எடுக்குதுன்னு பாரு."

ஐந்தாம் நாள் வெண்டலையும் கூப்பிட்டு, சமையலறை மேசையில் ஆர்லிஸின் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார். எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவனும் தெரிந்துகொள்ளட்டுமே.

முப்பது டாலர் கேமரா இரண்டாம் நாளே மூச்சை நிறுத்தியிருந்தது. இருநூறு டாலர் கேமரா டவர் தேடியே பேட்டரியைத் தின்று தீர்த்திருந்தது. அதில் கிடைத்தது ஒரு சட்டைக் கை. எண்பது டாலர் கேமராவில்தான் எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன.

முதல் படம்: சாசேஜும் கையுமாக ஆர்வல், பக்கத்தில் தபால்காரி டார்லீன். இரண்டாவது: ஆர்வலும் பாதிரியார் ஹால்வர்சனும். அடுத்தது கேஸ் சிலிண்டர்காரர். பிறகு மில்லுக்குப் பலகை வாங்க வந்த ஒருவர், அவரோடு வந்த அவருடைய மாமனார், மறுபடியும் டார்லீன். எல்லாப் படத்திலும் ஆர்வலின் வாய் திறந்தே இருந்தது.

"என்ன சொல்லிட்டிருக்கீங்க மச்சான் இதுல?"

ஆர்வல் தொண்டையைச் செருமினார். "இருநூறு அடியில ஒரே குண்டுல மானச் சாய்ச்சேன்னு... அந்தக் கதைதான்."

"சுட்டது நானாக்கும்!"

"பக்கத்துல இருந்தேன்ல?"

ஆர்லிஸ் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். "ஒரு கதைக்கு ஒரு சாசேஜ். வருஷம் பூரா இதே வேலைதான் போல!"

ஆர்வலுக்கு மெள்ள உறைத்தது. தின்னவில்லைதான். கொடுத்ததை அவர் கணக்கிலேயே வைக்கவில்லை. கொடுப்பது தன் பெருமை, அதற்கு என்ன கணக்கு? பெருமை அவருடையது, சாசேஜ் வெண்டலுடையது.

"இருபத்தஞ்சோட இந்த வாரத்து ஆறு. முப்பத்தொண்ணு. ஒண்ணு நாலு டாலர்" என்று வெண்டல் விரல் விட்டு எண்ணினான்.

"நோவாக்குக்கு என்ன சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாத. கேமராவப் பாத்தியா, என்ன தெளிவு! பாதிரியார் மூக்கு முடிகூடத் தெரியுது. எவனால இப்படிப் பாத்து வாங்க முடியும்?"

"ஒருத்தனாலயும் முடியாது மச்சான்" என்று சிரித்தபடி வெண்டல் உள்ளங்கையை நீட்டினான்.

ஆர்வல் பர்ஸைத் திறந்தார். இருபது, நாற்பது, அறுபது என்று மில் ஆட்களுக்குச் சம்பளம் போடுகிற அதே குரலில் எண்ணி, ஆறு இருபது டாலர் நோட்டுகளை வைத்தார். அதன் மேல் ஒரு டாலர் நோட்டுகள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.