பயாலஜி எடுத்த டாக்டரம்மா

இளவரசி பயாலஜி எடுத்ததற்குக் காரணம் மீன் வயிறு. மரக்காணத்துக்குப் பக்கத்தில் அவளுடைய குப்பம். அங்கே எல்லா வீட்டிலும்தான் மீன் ஆய்வார்கள். இவள் மட்டும் குடலைப் பிதுக்கி, அது கடைசியாக என்ன தின்றது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். "நீ ஆஞ்சி முடிக்கிறதுக்குள்ள கொழம்பு வத்திடும்டி!" என்று அம்மா சின்னபொண்ணு கத்துவாள்.

தொண்ணூற்றாறில் பத்தாவது தேறி, திண்டிவனத்துப் பள்ளியில் பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் பயாலஜி குரூப் என்று எழுதிக் கொடுத்தாள். கூட வந்த சின்னபொண்ணு, "இந்த குரூப்பு எதுக்குங்க?" என்று கேட்க, கிளார்க் வாய் சும்மா இராமல், "டாக்டருக்குப் படிக்கிற குரூப்பும்மா" என்றுவிட்டார். அவ்வளவுதான். மறுநாள் மீனோடு சேர்த்து அந்தச் சேதியையும் தெருத்தெருவாகக் கூவிவிட்டாள் புண்ணியவதி!

வகுப்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறிய துரைக்கண்ணு மாமா வாசலில் வந்து கையை நீட்டினார். "டாக்டரம்மா, ஜல்தி பாரும்மா."

அவள் அதுவரை படித்தது தவளைப் படம் ஒன்றுதான். 'நான் டாக்டர் இல்லை மாமா' என்று அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை. பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று சொல்லிக்கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அப்புறம் கேட்பானேன்! இரண்டு வருஷம் குப்பத்தில் யாருக்குத் தலைவலி வந்தாலும் இவளுக்குத் திருகுவலிதான்.

அதற்குள் டாக்டர் ஆசை அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் மார்க் எட்டவில்லை, மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. எந்த முகத்தோடு குப்பத்துக்குள் போவது? திண்டிவனத்தில் சித்தி வீட்டில் நான்கு நாள் ஒளிந்து கிடந்தாள். ஐந்தாம் நாள் சின்னபொண்ணு வந்து நின்றாள்.

"சீட்டு போனா போவுது. துரைக்கண்ணு அண்ணனுக்குக் கால் புண்ணுக்குக் கட்டு மாத்தணுமாம். உன்னத் தேடிக்கினு இருக்காரு. கெளம்பு."

கிளம்பினாள். விலங்கியல் படித்து, பி.எட். முடித்து, திண்டிவனத்திலேயே பயாலஜி டீச்சரும் ஆனாள். குப்பத்து ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் நிற்கவில்லை. ஆனாலும் ஊரில் யாராவது "டாக்டரம்மா" என்றால் நெஞ்சில் சுருக்கென்று தைக்கும்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் சின்னபொண்ணுவைக் கண் ஆபரேஷனுக்கு விழுப்புரம் கூட்டிப்போனாள். "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எம் பொண்ணுங்க. டாக்டரு."

இளவரசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா, சும்மா இரு. டீச்சருங்க நான்."

"அது எனக்குத் தெரியாதாடி?" என்ற சின்னபொண்ணு டாக்டர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஆஸ்பத்திரியில இருக்கிற டாக்டருங்க. இவ எங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வர்ற டாக்டரு. இவ இல்லன்னா எங்க குப்பத்துல பாதி பேரு உங்க வாசலயே பாத்திருக்க மாட்டாங்க."

இளவரசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, சொட்டு மருந்து எத்தனை வேளை என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.