கடைசி நிறுத்தத்தில் ஓராள் போராட்டம்

கீழ்வீட்டுப் பெண் நேற்று மைதா மாவில் பசை காய்ச்சினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஏதோ ஒட்டு வேலை கொடுத்திருக்கிறார்களாம். கடையில் பசை கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும், அவள் சிக்கனக்காரி. அந்த வாசனை மாடிப்படி ஏறி என் அறைக்குள் வந்ததும் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். கொஞ்சம் மயில்துத்தமும் சேர்ந்திருந்தால் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மயில்துத்தம் போட்டால் சுவரொட்டியைப் பூச்சி அரிக்காது, மாடும் வாய் வைக்காது. பஸ் தொழிலாளர் சங்கத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலை அந்தப் பசை வாளியைத் தூக்குவதுதான். லஸ் முனையில் ஆரம்பித்து மந்தைவெளி வரை ஒட்டிக்கொண்டே போவோம். சுவரில் பட்டதைவிட என் சட்டையில் பட்டது அதிகம். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் நாலு பேரோடு சேர்ந்து நடக்கிறோம் என்ற சந்தோஷம் இருந்ததே, அதற்காகவே அடுத்த போராட்டம் எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

ஏனென்றால் என் வேலை அப்படி. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பஸ் டைம் கீப்பர். டிரைவர், கண்டக்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும். டைம் கீப்பர் என்றால் இப்போது விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பஸ் போய்ச் சேரும் கடைசி இடத்தில் ஒரு மரக்கூண்டு, ஒரு கடிகாரம், ஒரு ஸ்டூல். வண்டிகளை நேரம் பார்த்து அனுப்ப வேண்டும். எனக்கு வாய்த்தது அடையாறு தாண்டி, கடற்கரைப் பக்கத்துக் கடைசி நிறுத்தம். அப்போது அங்கே சவுக்கும் மணலும்தான். ஒரு வண்டி போய் அடுத்தது வரும்வரை காக்கைகள் துணை. மந்தைவெளியில் இருந்த என் வாடகை அறையில் காக்கைகளும் கிடையாது. திருநெல்வேலியை விட்டு வந்த எனக்கு மெட்ராஸில் வேறு யாரையும் தெரியாது.

கூண்டை விட்டு நகரக் கூடாது என்பது விதி. மனிதனுக்கு வயிறு என்று ஒன்றும் அதற்குக் கீழே வேறு அவசரங்களும் உண்டு என்பதை விதி எழுதியவர் மறந்துவிட்டார். ஒருமுறை சவுக்குத் தோப்புப் பக்கம் ஒதுங்கிவிட்டு வருவதற்குள் செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். மெமோ கொடுத்தார். நான் தற்காலிக ஊழியன். இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு என்னைக் காப்பாற்றியவர் ரோசம்மா. குப்பத்துக்காரர். கூண்டை ஒட்டிப் பூவரச மர நிழலில் மீன்கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர்.

"ரோசம்மாக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க."

"நீ போய்ட்டு வா நைனா. நா இங்கதான குந்திக்கினு கீறேன்."

அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அதனால் என்ன. நான் வரும்வரை எந்த டிரைவரையும் வண்டி எடுக்க விடமாட்டார். எனக்குப் பணியாதவர்கள் அவருக்குப் பணிந்தார்கள். சாப்பிடும்போதும் அவர் பேசிக்கொண்டே இருப்பார். எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் புளித்துப்போன தயிர்சாதம்கூட இறங்குகிறது.

அந்த வருஷம் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்கு, பொதுமக்களுக்குக் கூடுதல் பஸ் விடு என்று பெரிய கோரிக்கைகள். கடைசியாக, தனியாக இருக்கும் டைம் கீப்பருக்கு மாற்று ஆள் வேண்டும் என்று ஒன்று. அது என் கோரிக்கை. எல்லாப் பணியிடத்திலும் வாயிற்கூட்டம் நடத்த வேண்டும் என்று உத்தரவு. டிப்போ வாசலில் நூற்றுக்கணக்கில் கூடுவார்கள். என் இடத்தில்?

"உங்க இடத்துல தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாம் நீங்கதான் தோழர்," என்றார் சங்கச் செயலாளர். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலைநிறுத்தத்தன்று காலையில் கொடியை மணலில் நட்டுவிட்டு நின்றேன். பஸ் ஓடாத நாளில் பஸ் நிறுத்தத்துக்கு யார் வருவார்கள்? கோஷம் என்பது ஒருவர் சொல்ல, கூட்டம் பதில் சொல்வது. "நியமனம் செய், நியமனம் செய்" என்று பாதியை உரக்கக் கத்தினேன். அலைச்சத்தம்தான் கேட்டது. "மாற்று ஆள் நியமனம் செய்" என்ற மறுபாதியையும் கொஞ்சம் குரலை மாற்றி நானே சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"இன்னா நைனா, நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்கினு கீற?" என்றார் மரத்தடியிலிருந்து ரோசம்மா. பிறகு மீன் கூவும் அதே குரலில், "அனுப்பு அனுப்பு, ஆளு அனுப்பு," என்றார். வாசகம் தப்பு. ஆனால் சத்தம் டிப்போவுக்கே கேட்டிருக்கும். வெயில் ஏறி இறங்கும்வரை நான் கத்த, அவர் பதில் சொன்னார்.

சாயங்காலம் ஒரு பஸ் வந்தது. வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த கருங்காலி என்று நினைத்துக் குறுக்கே போய் நின்றேன். டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னாபா, இன்னும் கத்திக்கினு கீற? மத்தியானமே முடிஞ்சிபோச்சே."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"அய்ய, உன்ன மறந்தே பூட்டோம்," என்றார். என் கோரிக்கையையும் ஒத்துக்கொண்டார்களாம்.

மறு மாதமே மாற்று ஆள் வந்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் வந்தால் நான் போக வேண்டும், நான் வந்தால் அவர் போய்விடுவார். ரோசம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. ஒருநாள் காலை அவர் கூடையோடு பஸ்ஸில் ஏறினார்.

"எங்கக்கா?"

"மைலாப்பூர் மார்க்கெட்டுக்கு. இனிமே அங்கதான்."

"இங்க என்ன ஆச்சு?"

"இங்க இன்னா யாவாரம் கீது நைனா? காக்காவா மீன் வாங்கும்? உன் கூண்டப் பாத்துக்கத்தான் குந்திக்கினு இருந்தேன். அதான் ஆளு வந்துட்டான்ல."

வண்டிக்கு நேரமாகிவிட்டது. நான் கை காட்டினால்தான் புறப்படும். காட்டினேன்.

அந்தக் கோரிக்கை நியாயமானது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். வேலை நிரந்தரமாயிற்று, ஓய்வும் பெற்றேன். சவுக்குத் தோப்பு போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. கூண்டு இருந்த இடம் எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பஸ் எங்கே வருகிறது என்று இப்போது செல்போன் சொல்கிறது. நான் சாப்பிட வெளியே போகும்போது அறையைப் பூட்டிக்கொண்டு போகிறேன். கொஞ்சம் பாத்துக்கோங்க என்று சொல்ல ஆளில்லை.