'டக்' சத்தம்

என் சித்தி மகன் ஆர்வோ, சுரங்க வேலையில் முதுகு பாழானவன். அவன் மனைவி ஹில்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வேன், வீட்டுப் பாதையில் பனி கிடந்தால் உள்ளே வராது. அதனால் காலைதோறும் நாலுசக்கர பைக்கில் பனி தள்ளுவான். முன்னாலிருக்கும் பனித் தகட்டை, பொத்தானை அழுத்தினால் சுற்றும் விஞ்ச் உருளையின் கம்பி தூக்கும். தகடு மேலே முட்டி 'டக்'கென்றால்தான் பொத்தானை விடுவான். சுரங்கத்து லிஃப்ட் தளத்தில் நின்று பூட்டிக்கொள்ளும் அந்தச் சத்தம் கேட்காமல் யாரும் இறங்கமாட்டார்கள், அந்தப் பழக்கம்.

அன்று பாதி பாதையில் கம்பி அறுந்தது.

"இது சுரங்கமாடா? முட்டினப்புறமும் இழுத்தா கம்பி என்ன பண்ணும்?" என்றேன்.

"திட்டுறத அப்புறம் திட்டுக்கா. வேன் வந்துரும்."

அறுந்த முனையை மடித்துக் கிளிப் போட்டான். பழைய காரின் சீட் பெல்ட்டை வெட்டி, கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே கட்டினான். இனி அடிக்கடி மடங்கித் தேய்வது பெல்ட்தான்.

கோட்டு மாட்டி வாசலில் நின்ற ஹில்மா, "மேல முட்ட ஒரு சாண் இருக்கறப்பவே பொத்தான விட்டுடுங்க. எனக்கும் அந்த 'டக்' கேட்டு அலுத்துப்போச்சு" என்றாள்.

கீழே கிடந்த தகட்டைத் தூக்காமலே மீதிப் பாதையை ஒரே தள்ளாகத் திறந்துவிட்டான். வேன் உள்ளே வந்து அவளை ஏற்றிப் போனது. மிச்சப் பனியைத் தள்ள ஆர்வோ தகட்டைத் தூக்கினான். ஒரு சாண் இருக்கையில் விரலை எடுத்தான். சத்தமில்லை. இறங்கலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தான்.