அட்டைக்கு அடியில் இருந்த பெண்

தொண்ணூறுகளில், கோவையில் எங்களைப் போன்ற கேமரா பைத்தியங்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடி, எடுத்த படங்களைக் காட்டி யோசனை கேட்டுக்கொள்வோம். அங்கே நான்தான் பெரிய வாத்தியார். ‘ட’ வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகளைப் படத்தின் மேல் வைத்து, எதை நீக்க வேண்டும் என்று மறைத்துக் காட்டுவேன்.

சோமனூர் துரைசாமி ஒருமுறை தன் தறிக்கூடத்தைப் படம் எடுத்து வந்திருந்தார். ஓட்டு இடுக்கில் இறங்கிய வெயிலில் பஞ்சுத் தூசி மினுங்கியது. ஓரத்தில் ஒரு பெண் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கை அசைந்து கலங்கியிருந்தது. யாரென்று கேட்காமலே அட்டையால் மூடினேன்.

“இது குப்பைங்க. வெட்டிப்போடுங்க.”

கொஞ்சம் தயங்கிவிட்டு, “சரிங்ணா” என்றார்.

வெட்டிய படம் எங்கள் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. அன்று அவர் மனைவியும் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார். படத்தின் முன் வெகுநேரம் நின்று தேடினார்.

“ஏனுங்க, இதுல நான் எங்கீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. துரைசாமி என் பக்கம் திரும்பவே இல்லை.

“பிரிண்ட் போடறப்ப நாந்தான் தெரியாம வெட்டிப்போட்டேன்” என்றார் மனைவியிடம்.

“அதனாலென்னங்க, வெளிச்சம் நல்லாத்தான் உழுந்திருக்குது” என்று சிரித்தார் அந்தம்மா.

மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வெட்டச் சொன்னது நான் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்திலிருந்தவரிடம் லென்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

இப்போதெல்லாம் யார் படம் காட்டினாலும், ஓரத்தில் இருப்பவரைக் காட்டி “இவங்க யாருங்க?” என்றுதான் முதலில் கேட்கிறேன். நல்ல பழக்கம் என்கிறார்கள். அந்தம்மாவிடம் சொல்ல வேண்டியதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.