பழகியது உடம்பு அல்ல

சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த கால் ஆஸ்பத்திரியில் கூடிக்கொண்டிருந்தபோதுதான் வயிறு கடுக்கத் தொடங்கியது. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏற்கெனவே சீதபேதி (குடல் புண்ணாகி, சளியும் இரத்தமுமாகப் போகும் நோய்). இப்போது எனக்கும்.

சல்ஃபா மாத்திரை கேட்கவில்லை. பிறகு கொடுத்த புது மருந்துகள் மூன்றும் கேட்கவில்லை. நாக்கு வறண்டு, என் கையே எனக்குக் கனத்தது.

முதலியார்பேட்டையில் ஆலை வேலை முடிந்து பார்க்க வந்த அப்பா, "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சுடா" என்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டாக்டர் மறுத்தார். "இவரு இதையெல்லாம் இதுக்கு முன்ன சாப்பிட்டதே இல்லையே? பழகினது கிருமி. மருந்தைத் தாங்குற தெம்பை ஒரு கிருமி இன்னொண்ணுக்கு ஒட்டி நின்னே குடுத்துடுதாம். நாலு மருந்துக்கும் ஒரே தடவையில. ஜப்பான்ல கண்டிருக்காங்க. இங்கயும் அதான்னு நிரூபிக்க எங்கிட்ட வசதி இல்ல."

அப்பா சிரித்துவிட்டார். "எங்க வம்சத்துல ஒருத்தன் நாலெழுத்து படிக்க எத்தினி தலமொற ஆச்சு, முசியே (ஐயா)! இது பக்கத்துல நின்னே பாடம் வாங்கிக்குதா?"

"ஆமா. புள்ளைங்களுக்கும் குடுக்கும், அண்டை வீட்டுக்கும் குடுக்கும். இந்த மருந்தெல்லாம் இனி அதைக் கொல்லாது, கூட இருக்குற சாதுக் கிருமியைத்தான் கொல்லும். அதனால மருந்தை நிறுத்துறேன்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "மருந்து இல்லாம ஆஸ்பத்திரி எதுக்கு?"

"தண்ணிதான் இப்ப இவருக்கு மருந்து."

சலைன் (இரத்தக்குழாயில் ஏற்றும் உப்புநீர்) ஏறியது. பிறகு கஞ்சித்தண்ணீர். இரத்தம் மெல்ல நின்றது. பக்கத்துக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். பழையவர் வீட்டுக்குத்தான் போனாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

வீட்டில் அக்காவின் கைக்குழந்தை இருந்தது. அதுதான் என் பயம். மலப் பரிசோதனையில் நோய்க்கிருமி இல்லை என்றார் டாக்டர். குடலில் சாதுவாக வாழும் கிருமிகள் மருந்தைத் தாங்கும் அந்தப் பாடத்தை வைத்திருக்குமா என்று கேட்டேன். "வெச்சிருக்கலாம். சோப்பு போட்டுக் கை கழுவுங்க" என்றார்.

மருந்து கேட்காமல் படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் உடம்பின் மேல் கோபப்படாதீர்கள். உடம்பு என்றால் நான் ஒருவன் என்றிருந்தேன். இன்று, குணமாகிவிட்டேன் என்று சொல்லும்போது, உள்ளே இருக்கும் மற்றவர்களுக்காக என்னால் வாக்குக் கொடுக்க முடிவதில்லை.

வீடு திரும்பிய சில நாளில், "தூக்குடா, தாய்மாமன் நீ" என்று அக்கா குழந்தையை நீட்டினாள். கையைக் கழுவிவிட்டு வாங்கினேன். அது என் விரலைப் பற்றி வாய்க்குக் கொண்டுபோனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அக்காவின் முகம் வாடியது. "இன்னும் எத்தினி நாளைக்குடா இப்படி?"

"தெரியலக்கா" என்றேன். குழந்தையை மட்டும் கீழே விடவில்லை.