தேன்மெழுகு பூசிய வண்டி

எதிர்வீட்டுத் தம்பி, ஊருக்கு முதன்முதலாக வந்த தன் மோட்டார் காரைக் கழுவி மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை என்னை அக்காவின் கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

மலையில் பெரியாற்று அணை கட்டிக்கொண்டிருந்த காலம்; நான் சின்னப் பிள்ளை. எங்கள் வில்வண்டியில்தான் அக்கா புருஷன் வீடு போகவேண்டும் என்பது அய்யாவின் ஆசை. வண்டியை ஆற்றில் கழுவி, வருசநாட்டுத் தேனடையை உருக்கிப் பலகையெங்கும் பூசித் தேய்த்தார். அவசரத்தில் அடையிலிருந்த தேனைச் சரியாகப் பிழிந்தெடுக்கவில்லை. விடிந்தபோது வண்டி பளபளத்தது. அதன்மேல் தேனீக்கள் மொய்த்துக் கிடந்தன.

மாப்பிள்ளை வீட்டார் தள்ளி நின்றார்கள்.

"இதுல எப்படிப் பொண்ண ஏத்துறது? வேற வண்டி கொண்டாரச் சொல்றோம்" என்றார் சம்பந்தி.

அய்யா தலைகுனிந்தார். அக்காதான் சிரித்தாள்.

"தலை நெறையப் பூ வச்சிருக்கேன், என்னைய எதுக்குக் கொட்டப்போகுது? மாட்டப் பூட்டுங்கய்யா."

ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாடு மிரளுமோ, அவள் முகம் வீங்குமோ என்று நான் வண்டியை ஒட்டிப் போய் நின்றேன். வண்டி மெல்ல நகர்ந்தது. தேனீக்களும் வெயிலில் மினுங்கியபடி கூடவே போயின. ஒருவரையும் கொட்டவில்லை.

"என்னம்மா, ரொம்ப நேரமா அங்கனயே நிக்கிறீக?" என்றார் தம்பி.

"தேனீ வருதான்னு பாக்கேன்."

அவரும் துணியைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.