வெர்லீனின் பதினைந்து நிமிடம்

வெர்லீன் ஹ்ரூஸ்கா பத்தொன்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்துச் சரளை ரோட்டில் எந்த வளைவில் பனி உறையும், எந்த வீட்டு நாய் டயரைக் கடிக்க ஓடிவரும், எந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு வருகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நாற்பத்தொரு வயதில் அவளுக்கு டீச்சர் ஆகவேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, ஆத்திரம் என்றே சொல்லலாம். அந்த வருடம் ஐந்தாம் வகுப்புக்கு வந்த நாலு டீச்சர்களும் இந்தக் காற்றும் குளிரும் ஒத்துவராமல் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். வேறு ஆள் கிடைக்காமல் பிரின்சிபால் பஸ் டிரைவரைப் பிடித்து வகுப்பில் உட்கார வைத்தார். "நீ ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம், சத்தம் போடாமப் பார்த்துக்கிட்டா போதும்" என்றார். மூன்று வாரம் அவள் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சந்தேகம் கேட்டபோது விடை தெரிந்தது, ஆனால் அதை எப்படி விளங்க வைப்பது என்று தெரியவில்லை. அந்த அவமானம் அவளை விடவே இல்லை.

தொண்ணூறு மைல் தள்ளியிருந்த பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் படிப்பில் சேர்ந்தாள். ஐந்து வருடம், சாயங்காலமும் சனிக்கிழமையும் படிப்பு, விடிந்தால் பஸ். பஸ் ஷெட்டில் மற்ற டிரைவர்கள் சும்மா விடுவார்களா? "என்ன புரொபசரம்மா, டயருக்குக் காத்தடிக்கவும் புஸ்தகம் பார்ப்பீங்களோ?" என்பார்கள். "இல்லப்பா, உங்க வாயில இருந்து காத்தை இறக்க ஏதாவது வழி போட்டிருக்கான்னு பார்க்கிறேன்" என்பாள் வெர்லீன்.

கடைசிப் பருவம் முழுக்கப் பயிற்சி. பதினாறு வாரம் ஒரு வகுப்பில் நின்று பாடம் எடுக்கவேண்டும், சம்பளம் கிடையாது. திருமதி ஓஸ்ட்மனின் நாலாம் வகுப்பு அவளுக்குக் கிடைத்தது. ஓஸ்ட்மன் முப்பது வருட அனுபவக்காரி, நல்ல மனசு, நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். பல்கலைக்கழகத்திலிருந்து மேற்பார்வைக்கு பிரிட்செட் என்பவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து, மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வீடியோ. தான் பாடம் எடுப்பதைப் பதினைந்து நிமிடம், வெட்டாமல் ஒட்டாமல், படம் பிடித்து அனுப்பவேண்டும். யாரோ முகம் தெரியாத மூன்று பேர் பார்த்து, தேறினாயா இல்லையா என்று சொல்வார்கள். முதல் வீடியோவில் வெர்லீன் தவறினாள். 'பதினைந்து நிமிடத்தில் பிள்ளைகள் பேசியது ஒன்றரை நிமிடம்' என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவதிலும் தவறினாள். 'கை தூக்கியவர்களிடமே கேட்கிறீர்கள். புரியாத பிள்ளை எங்கே?' என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவதுதான் கடைசி. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் போய்ச்சேர வேண்டும். இதிலும் போச்சு என்றால் பதினாறு வாரத்தையும் அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பிரின்சிபால் அவளுக்கென்று பிடித்து வைத்திருந்த டீச்சர் வேலையும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

வீடியோவில் ஒரு பிள்ளையின் முகமோ குரலோ வர வேண்டுமானால் வீட்டில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபத்தோரு வீட்டிலிருந்து தாள் வந்துவிட்டது. யரெட்ஸி என்ற பெண்ணின் தாள் வரவில்லை. அவள் அம்மாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பஸ் நிறுத்தத்தில் வெர்லீன் தாளை நீட்டியபோது அந்த அம்மா, "மன்னிச்சுக்குங்க, போட்டோ மட்டும் வேண்டாம்" என்று தலையை ஆட்டினாள். குடியேற்றத் தாள் இல்லாமல் வந்து பிழைக்கிறவர்கள் நிறைய இருக்கும் எங்கள் ஊரில் அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. "சரிம்மா, அதனால ஒண்ணுமில்ல" என்று வெர்லீன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆகவே புதன்கிழமை படம் பிடித்தபோது யரெட்ஸிக்குக் கேமராவுக்குப் பின்னால் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். பாடம் பின்னம். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நாலில் ஒரு பங்கு பெரிதா? வெர்லீன் காகிதக் கீற்றுகளை மடித்துக் காட்டினாள், கேட்டாள், பிள்ளைகளைப் பேசவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, பாடம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. கோல்டன் என்ற பையன் எழுந்து, "மூணுல ஒண்ணுதான் பெரிசு, ஏன்னா கொஞ்சம் பேருக்குப் பங்கு போட்டா துண்டு பெரிசா வரும்" என்று அடித்துச் சொன்னான். ஓஸ்ட்மன் கதவோரத்தில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஒன்பதாவது நிமிடத்தில் யரெட்ஸி கை தூக்கினாள். வருடம் பூராவும் கை தூக்காத பெண். வெர்லீன் பார்த்தாள். அவளைக் கூப்பிட்டால் குரல் பதிவாகிவிடும், வீடியோ வீணாகிவிடும். அப்புறம் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கை இறங்கிவிட்டது. பாடம் முடிந்து, "என்னம்மா கேட்க வந்தே?" என்று பக்கத்தில் போய்க் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல டீச்சர், மறந்துபோச்சு" என்று யரெட்ஸி பென்சிலை டப்பாவில் வைத்தாள்.

சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸில் உட்கார்ந்து வெர்லீன் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். குறை சொல்ல ஒரு இடம் இல்லை. ஒன்பதாவது நிமிடத்தில் மட்டும், கேமராவுக்கு மேலே போன அவள் கண் சட்டென்று திரும்புகிறது. பார்க்கிறவனுக்கு அது ஒன்றுமே இல்லை. அவள் அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பிரிட்செட்டுக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"இதுக்காகவா கவலைப்படுறீங்க?" என்றார் அவர். "வீடியோ நல்லா இருக்கில்ல? அனுப்பிட்டு நிம்மதியா இருங்க. அந்தப் பொண்ணுக்கு அடுத்த வாரம் தனியா உட்கார வெச்சுச் சொல்லிக்கொடுங்க."

"நாளைக்கு நீங்க எப்படியும் வரீங்கல்ல சார்? நாளைக்கு இன்னொரு தடவை எடுக்கப்போறேன்" என்று வெர்லீன் போனை வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் ஓஸ்ட்மன் தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கென்ன கிறுக்கா வெர்லீன்? கையில கிடைச்சதைக் கீழே போட்டுட்டுத் தேடப்போறியா?"

"கீழே போடலை. அது பத்திரமா இருக்கு. ஆனா ஒரு பிள்ளையைப் பார்க்காத மாதிரி நடிச்சேன்ல, அது எனக்குப் பொறுக்கலை."

பிள்ளைகளும் முணுமுணுத்தார்கள். "இதைத்தான் நேத்தே முடிச்சாச்சே டீச்சர்!" வெர்லீன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பலகை கொடுத்தாள். "இன்னிக்கு யாரும் கை தூக்க வேண்டாம். பேசவும் வேண்டாம். எது பெரிசு, ஏன் பெரிசு, எழுதுங்க. பக்கத்துல பார்க்கக் கூடாது." கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவள் மேசை மேசையாக நடந்து, கேமராவைத் தாண்டி யரெட்ஸியின் பலகையையும் பார்த்துவிட்டு வந்தாள். அதில், 'நாலில் ஒன்று. நாலு தானே பெரிசு' என்று எழுதியிருந்தது.

வெர்லீன் முன்னால் வந்து நின்றாள். "ஒருத்தர் நல்லா யோசிச்சு ஒண்ணு எழுதியிருக்காங்க. பேரைச் சொல்லமாட்டேன். நாலு மூணைவிடப் பெரிசு, அதனால நாலில் ஒண்ணுதான் பெரிசாம். இப்படி வேற யாருக்காவது தோணுதா? தோணினா தைரியமாச் சொல்லலாம், நான் திட்டமாட்டேன்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மெதுவாக ஒரு கை எழுந்தது. யார் என்கிறீர்கள்? நேற்று அடித்துச் சொன்ன அதே கோல்டன்!

"நீயா? நேத்து சரியாச் சொன்னியேடா!"

"நேத்து நீங்க அந்தக் கீத்தைத்தான் உசத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க டீச்சர். அதான் அதைச் சொல்லிட்டேன்."

"அப்ப, கொஞ்சம் பேருக்குப் பங்கு போட்டா துண்டு பெரிசுன்னு சொன்னியே, அது?"

"அது எங்க அக்கா போன வருஷம் சொல்லிச் சொல்லிப் படிச்சது."

பிரிட்செட் மூலையில் எழுதுவதை நிறுத்திவிட்டார். கோல்டன் கையைப் பார்த்து இன்னொரு கை எழுந்தது, இன்னொன்று, மொத்தம் எட்டு. வெண்ணெயாய் வழுக்கின பாடத்தில் எட்டுப் பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்! யரெட்ஸியோடு ஒன்பது. வெர்லீனுக்கு முகம் சிவந்துபோயிற்று. போட்டு வைத்த திட்டம் காற்றில் பறந்தது. ஆளுக்கு இரண்டு கீற்றுக் கொடுத்து, நீங்களே மடியுங்கள், நீங்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள். வகுப்பு சந்தைக்கடை ஆயிற்று. ஒருவன் கோணலாக மடித்துவிட்டு நான்தான் ஜெயித்தேன் என்று கத்தினான். கேமராவுக்குப் பின்னால் யரெட்ஸி வாயே திறக்காமல் ஒன்றை மூன்றாக மடித்தாள், மற்றதை நாலாக மடித்தாள், ஒன்றின் மேல் ஒன்றை வைத்தாள். புருவம் ஏறியது. மறுபடி வைத்துப் பார்த்தாள். இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி வெர்லீனுக்குக் காட்டினாள். வெர்லீன் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வீடியோவில் அவள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது தெரியாது. அடுத்த நிமிடம், கோல்டன் வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போதே, பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது.

அன்று மதியச் சாப்பாடு சில்லி என்ற பீன்ஸ் இறைச்சிக் குழம்பும், பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரோலும். மூன்று பெரியவர்களும் தட்டை வைத்துக்கொண்டு வீடியோவைப் பார்த்தார்கள். கூச்சல், குழப்பம், முடிவே இல்லாத பாடம்.

"இதை அனுப்பினா என்ன சொல்வாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியலை" என்றார் பிரிட்செட். "நேத்து எடுத்தது நிச்சயம் தேறிடும். யோசிச்சுக்குங்க."

"நேத்து எடுத்ததுல எட்டுப் பிள்ளைங்களும் நானும் சேர்ந்து நடிச்சிருக்கோம் சார். அதைக் காட்டித் தேறினா, ஆகஸ்ட்ல பள்ளிக்கூடம் திறக்கறப்ப வகுப்புல எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

"தவறினா?" என்றாள் ஓஸ்ட்மன்.

"தவறினா பதினாறு வாரம் மறுபடி உன் வாயைக் கேட்டுக்கிட்டுக் கிடப்பேன். அதையும் பார்த்துடலாம்" என்று வெர்லீன் வியாழக்கிழமை வீடியோவை அனுப்பிவிட்டாள். ஓஸ்ட்மன் தன் தட்டிலிருந்த ரோலை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

மே மாதம் இரண்டாவது வாரம் முடிவு வந்தது. மத்தியானம் பஸ்ஸைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தாள். 'பாடம் முடிக்கப்படவில்லை' என்று அதற்கு மிகக் குறைந்த மதிப்பெண். புரியாத பிள்ளைகளைக் கண்டுபிடித்ததற்கு முழு மதிப்பெண். தேறியிருந்தாள். ஐந்து வருடமாக இந்த மனுஷி யார் முன்னாலும் கண் கலங்கியதில்லை. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதாள். கதவைத் திறக்கவேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

வெளியிலிருந்து யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். திறந்தாள். வரிசையில் முதலாவதாக நின்றது யரெட்ஸி.

"ஏன் டீச்சர் அழறீங்க?"

"பாஸ் ஆயிட்டேன்டி கண்ணு."

"எந்தப் பரீட்சை?"

"அந்தப் பின்னப் பாடம், ஞாபகம் இருக்கா? மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு."

"அதுக்கா?" என்று படியேறினாள் யரெட்ஸி. "அது ரொம்ப ஈஸியாச்சே டீச்சர்!"